ரேடியோ சொன்ன கணக்கு

காலை ஆறு நாற்பது. கிளென் வேவர்லி வீட்டுச் சமையலறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு நெளிகோடு. மகளின் மடிக்கணினித் திரையில், அவள் தட்டிக்கொண்டிருந்த வரிக்கு அடியில் அது தோன்றியது. அவள் அடுத்த எழுத்தைத் தட்டியதும் மறைந்தது. மறுபடி தோன்றியது.

"சும்மா இரு, இன்னும் முடிக்கலை," என்றாள்.

என்னிடம்தான் சொல்கிறாள் என்று காபிக் கோப்பையோடு நின்றுவிட்டேன். என்னிடம் இல்லை, நெளிகோட்டிடம். அவள் நிரல் எழுத எழுத, பக்கத்திலேயே விடையும் மாறிக்கொண்டிருந்தது. தப்பு செய்வதற்கு முன்பே தப்பு என்று சொல்லிவிடும் போலிருக்கிறது. இயந்திரம் ஒரு வார்த்தை பேசாதா என்று நாங்கள் அந்தக் காலத்தில் காத்துக் கிடந்தோம்; இவள் அதன் வாயை அடைக்கிறாள்.

நான் மெல்பர்னுக்கு வந்த எழுபதுகளில் இயந்திரம் பேசாது. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, நிரலை அட்டைகளில் துளையிட்டு, ரப்பர் வளையம் போட்டு, கணினி மையத்தின் சன்னலில் கொடுப்போம். மறுநாள் அதே சன்னலில் ஒரு காகிதக் கட்டு வரும். பிரிக்க வேண்டியதில்லை. கட்டு மெலிந்திருந்தால் முதல் வரியிலேயே கோளாறு. ஒரு கைக்கு அடங்காமல் தடித்திருந்தால், நிரல் எங்கேயோ சுற்றிச் சுற்றி ஒரே வரியை அச்சடித்திருக்கிறது. சன்னலில் இருந்த அம்மாள் தடித்த கட்டை இரண்டு கையாலும் நீட்டும்போது, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். எங்களுக்கு வாய்த்த திரை அந்த முகம்தான்.

படிப்பு முடிந்து, அதே வட்டாரத்தில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெயிண்ட் என்றதும் மூக்கு முந்திக்கொள்கிறது. டர்பன்டைன் நெடி சட்டையில் ஏறி, ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். வெகுநாள் அதை நிறவெறி என்று நினைத்து மனதுக்குள் பெரிய சொற்பொழிவுகள் தயாரித்து வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் இன்னொரு மதுரைக்காரரே எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

அங்கே என்னைவிட வயதில் மூத்தவர் குலசிங்கம்; எனக்குக் குலம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று மாதச் சோதனைக்கால வேலை. அது நிரந்தரமானால்தான் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள முடியும். குழந்தையை அவர் பார்த்ததே போட்டோவில்தான். அவருக்குக் கொடுத்த வேலை, எந்த லாரியில் எந்தக் கடையின் டின்களை எந்த வரிசையில் ஏற்றுவது என்று கணக்கிடும் நிரல். கடைசியாக இறக்க வேண்டியது உள்ளே போக வேண்டும். கேட்பதற்குச் சுலபம்.

இயந்திரம் பீரோ அளவு இருக்கும். திரை கிடையாது. முகப்பில் ஒரு வரிசை விளக்குகள், கீழே பொத்தான்கள், பக்கத்தில் தந்தி அலுவலகத்தில் இருப்பதைப் போன்ற ஓர் அச்சுப்பொறி. ஆர்டர்களைக் காகித நாடாவில் துளையிட்டு ஊட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நாடாவை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அரை நாள் போய்விடும். உள்ளே என்ன நடக்கிறது என்பது இயந்திரத்துக்கே வெளிச்சம்.

குலம் அண்ணன் கிரிக்கெட் கேட்க ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டு வந்தார். சன்னலோரம் என்பதால் அதை இயந்திரத்தின் தலையில் வைத்தார். வர்ணனைக்கு மேல் ஒரே கிரீச் சத்தம். இரண்டு நாள் ரேடியோவைத் தட்டினார், மூன்றாம் நாள் நிலையத்தாரைத் திட்டினார். அப்புறம் ஒரு மத்தியானம் கையில் பாதி கடித்த சம்பல் பாண் ரொட்டியோடு அப்படியே நின்றார்.

"ஐசே, இஞ்ச வாரும். இது ரேடியோ இல்லை. எங்கட கணக்கு ஓடுற சத்தம்."

உண்மைதான். இயந்திரத்திலிருந்து கசியும் மின்னலைகளைத்தான் ரேடியோ பிடித்துக்கொண்டிருந்தது. நாடா படிக்கும்போது தகரத்தில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். வரிசைப்படுத்தும்போது ஏறி இறங்கும் ஓர் இழுப்பு. ஒரு லாரி முடிந்தால் சிறு விக்கல். நிரல் எங்காவது மாட்டிக்கொண்டு சுற்றினால் ஒரே சுருதியில் காதருகே கொசு. அவருக்கு அது நுளம்பு. பெயர் பற்றி எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. ஆனால் வந்தால் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. கச்சேரியில் மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து ஆட்டுகிறவன். அப்படிப்பட்ட நான், எந்த லாரி ஓடுகிறது என்று கண்ணை மூடிச் சொல்வேன்.

அவர் நிரல் ஒரு தடவைகூட முழுதாக ஓடியதில்லை. கடைசி லாரியில் நுளம்பு வந்துவிடும். ஒரு வியாழக்கிழமை, விக்கலுக்கும் நுளம்புக்கும் நடுவில் காதை வைத்துக் கேட்டு, எந்த இடம் என்று பிடித்தார். ஒரு கடை டின்னே கேட்காமல் வெறும் ஆர்டர் அனுப்பியிருந்தது. அதை எங்கே ஏற்றுவதென்று நிரல் தேடிக்கொண்டே இருந்தது. திருத்தினார். ஓட்டிப் பார்ப்பதற்குள் கணக்குப் பிரிவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை எங்கள் மேலாளர் ரெஜ் தேநீர் மக்கோடு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானக் கூட்டத்தில் குலசிங்கத்தை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்ல வேண்டியவர் அவர். நிரல் ஓடத் தொடங்கியது. தூறல், இழுப்பு, விக்கல். நாங்கள் இருவரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரெஜ்ஜும் பார்த்தார். பிறகு கையை நீட்டி, குமிழைத் திருகி, கிரிக்கெட் வைத்தார்.

"ஒன்பது விக்கெட் போயாச்சு, மேட்," என்றார் ஆங்கிலத்தில். சற்றுக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "இந்த இரைச்சல் எங்கிருந்து வருது?"

"இயந்திரத்திலிருந்து," என்று நான் உண்மையைச் சொன்னேன். குலம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

"அப்படியா. அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்களேன்."

நிறுத்தினால் அரை நாள். கூட்டமோ மத்தியானம். குலம் அண்ணன் பொத்தான்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இந்த ஓவர் மட்டும் முடியட்டும், ரெஜ்." வர்ணனைக்கு அடியில் கடைசி லாரியின் இழுப்பு கேட்டது. ஒரு விக்கல். பிறகு இரைச்சல் சுத்தமாக நின்றது. பந்து வீச்சாளர் ஓடி வருவது துல்லியமாகக் கேட்டது.

"நன்றி, மேட்," என்றார் ரெஜ்.

நாங்கள் எதையும் நிறுத்தவில்லை.

"துலைஞ்சுது," என்றார் குலம் அண்ணன் தமிழில், முகத்தில் சிரிப்பு மாறாமல்.

"செத்துடுச்சாண்ணே?"

"நுளம்பும் இல்லை, ஒண்டும் இல்லை. சத்தமே இல்லாமல் நிண்டதை நான் கேட்டதே இல்லை ஐசே. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

ரெஜ் மக்கை இயந்திரத்தின் முகப்புப் பக்கம் ஆட்டிக் கேட்டார். "அந்த மூணு விளக்கு மட்டும் ஏன் எரியுது?"

குலம் அண்ணன் விளக்குகளைப் பார்த்தார். உதடு அசைய வாசித்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஐசே. இது முடிஞ்சிட்டுது."

"எது?"

"கணக்கு. முடிஞ்சால் பேப்பர் போடுறதுக்காக நிக்கச் சொல்லி நான்தான் எழுதினனான். இதுவரைக்கும் அங்கை போய்ச் சேரேல்லையே, எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்ப பொத்தானை அமுக்குங்கண்ணே."

காகிதத்தை மாட்டிவிட்டு அமுக்கினார். அச்சுப்பொறி தட்டத் தொடங்கியது. அது தட்டினால் அடுத்த அறையில் பேச முடியாது. ரெஜ் ரேடியோவில் காதை ஒட்டவைத்து, கையால் எங்களை அடக்கிப் பார்த்தார். லாரி லாரியாகக் காகிதம் வந்துகொண்டிருந்தது. அது ஓய்ந்தபோது வர்ணனையில் கைதட்டல் மட்டும் மிச்சம். கடைசி விக்கெட் எப்படி விழுந்தது என்று ரெஜ் எங்கள் இருவரையும் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்.

ரெஜ் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு, கீழே ஏற்றுமிடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து குலம் அண்ணனிடம் சொன்னார். "லாரியெல்லாம் சரியாத்தான் இருக்கு. திங்கட்கிழமை வா. அடுத்த தடவை இதை டெஸ்ட் மேட்ச் நாள்ல ஓட்டாதே."

குளிர் தொடங்கும்போது அவர் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் குழந்தை என்னிடம் ஓடி வந்தது. அவர் ஊருக்கு அனுப்பிய போட்டோவில் நானும் இருந்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு தொழிற்சாலையில் புது இயந்திரம் வாங்கினார்கள். அதற்கு இரும்புக் கூடு, சிறிய திரை. வந்த அன்றே குலம் அண்ணன் ரேடியோவை அதன் மேல் வைத்து, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்லத் திருகினார். பாட்டு வந்தது, செய்தி வந்தது, குதிரைப் பந்தயம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.