பதினோரு ஹெல்பர்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் கடையும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருஷமாக லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷிப்டில் பெண்கள் பதினோரு பேர். பதிவேட்டில் நாங்கள் எல்லோரும் ஹெல்பர்கள். பக்கத்தில் அதே பாகத்தைக் கடைந்த ஆண்கள் ஆபரேட்டர்கள். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி.

ஒருநாள் மேனேஜரிடமே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவங்க செட்டிங் பண்றாங்கம்மா. நீங்க பீஸை மாட்டிக் கழட்டறீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

வேறு அளவுப் பாகம் வரும்போது மெஷினின் பிடியையும் வெட்டும் டூலையும் மாற்றி அளவு வைப்பதுதான் செட்டிங்.

"எங்களுக்கும் கத்துக் குடுங்க சார்."

"ட்ரெய்னிங் நைட் ஷிப்ட்லதான். லேடீஸுக்கு ஏது நைட் ஷிப்ட்?"

எங்கள் சம்பளம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து மெஷின் அண்ணன் சோழவரத்துக்காரர். சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தர முடியுமா என்று அவரைக் கேட்டேன்.

"சாப்பாட்ட எப்ப துன்னுவ?"

"பஸ்ஸுல துன்னுக்குறேன்ணா."

இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தார். பிறகு டெஸ்ட் வைக்கச் சொல்லி நானே கேட்டேன். முதல் பீஸே அளவு சரியாக வந்தது. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆபரேட்டர் கிரேடு போட்டுடறேன். வெளிய சொல்லாதீங்க."

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த வருஷம் அது. அந்தப் பணம் எனக்கு வேண்டித்தான் இருந்தது. ஆனாலும், "பதினோரு பேருக்கும் டெஸ்ட் வைங்க சார். அப்பால எனக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பதினோரு பேரில் ஒருத்தி, திருப்பாச்சூரிலிருந்து வரும் அக்கா. அவளுக்கு விஷயம் தெரிந்ததும், "வர்றத வேணாம்னு சொல்லிக்கினு வந்திருக்கியே, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று திட்டினாள். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் என் மெஷின் பக்கம் முதலில் வந்து நின்றவளும் அவள்தான். எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்.

ஐந்து மாதம் கழித்து டெஸ்ட் வைத்தார்கள். என்னோடு சேர்த்துப் பத்து பேருக்கு கிரேடு கிடைத்தது. அந்த அக்காவுக்கு மட்டும் இரண்டு தடவை அளவு தவறியது. மூன்றாம் தடவை தேறினாள்.

அன்று கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த போல்ட்டை எப்படி முறுக்கினாள் என்று திருவள்ளூர் வரும்வரை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். வழக்கமாக பஸ் ஏறியதுமே தூங்கிவிடும் எங்களில் ஒருத்தியும் அன்று தூங்கவில்லை.