பல்பு பொரித்த குஞ்சு

ஆறு வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அழுது புரண்டேன் என்று நினைக்க வேண்டாம். போனேன், உட்கார்ந்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கெமிஸ்ட்ரி படித்திருந்த என் அம்மா, தானே சொல்லிக்கொடுப்பதாக என்னை வீட்டில் நிறுத்திக்கொண்டாள். எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க நாமக்கல்லுக்கு வருகிறார்கள். பக்கத்துப் புதுச்சத்திரத்தில் ஒருத்தி பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிறாளே என்று ஊரே வாய்மேல் கை வைத்தது.

எங்கள் வீடு பெரியப்பாவின் கோழிப்பண்ணைக்குள்ளேயே இருந்தது. பாடத்துக்கு வேண்டிய சாமான்கள் தீவனக் கொட்டகையிலிருந்து வந்தன. முட்டை அட்டையின் குழிகளில் உடைத்த மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் தூள், தவிடு என்று நிரப்பி, துண்டால் என் கண்ணைக் கட்டிவிடுவாள் அம்மா. தொட்டும் மோந்தும் இன்னதென்று சொல்ல வேண்டும். கருவாட்டுத் தூளில் மூக்கை வைத்து நான் தும்மும்போது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பள்ளியில் திறக்காத வாய் அங்கே மூடவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: “பாத்தத எழுது சாமி, நெனச்சத எழுதாத.”

ஒருநாள் பண்ணையிலிருந்து ஒரு வெள்ளை முட்டையைத் தூக்கிவந்து, குஞ்சு பொரிக்கப் போவதாக அறிவித்தேன். அம்மா மறுக்கவில்லை. அட்டைப்பெட்டி, பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர் எல்லாம் தயாராயின. முட்டையின் மேல் பென்சிலால் ஒரு சூரியன் வரைந்தேன். தினம் மூன்று வேளை அதைத் திருப்பி வைத்தேன்.

ஆனால் முட்டைக்காகக் கோழி வளர்க்கும் பண்ணையில் சேவலே கிடையாது. அந்த முட்டையை வருசம் முழுக்கச் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. இது பெரியப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், கோழிகளுக்கே தெரிந்திருக்கும். வராததைப் பார்த்து, ஏன் வரவில்லை என்று நானே கேட்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

அதற்குள் பத்தாம் நாள் பெரியப்பா வந்துவிட்டார். தன் இரண்டு பையன்களையும் ஒன்றாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் விட்ட மனிதர். பெட்டியை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“செரி சாமி. குஞ்சு பொரிச்சுதுன்னா நீ ஊட்லயே படி. இல்லீன்னா சூன் மாசம் ஹாஸ்டல். ஒத்துக்கறயா?”

“ஒத்துக்கறேனுங்க பெரியப்பா!” என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியே அறியாத அப்பா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விடுமோ என்று இருவரும் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அன்று சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள். ‘அம்மா அழுதாள். வெங்காயம் இல்லை’ என்று நோட்டில் எழுதினேன். சட்டம் சட்டம்தானே!

பத்தொன்பதாம் நாள் காலையில் அப்பா மல்லசமுத்திரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் வந்தார். அத்தை நாட்டுக்கோழி வளர்ப்பவள். ஒரு கையால் மொபெட்டை ஓட்டிக்கொண்டு, மறு கையால் வயிற்றோடு ஒரு துண்டை அணைத்துப் பிடித்தபடி ஆமை வேகத்தில் வந்து சேர்ந்தார். கேட்டதற்கு வயிற்று வலி என்றார்.

இருபத்தோராம் நாள் முட்டை பொரிந்தது. ஓட்டைத் தள்ளிக்கொண்டு, நனைந்த பஞ்சு போல, பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட ஒரு குஞ்சு வெளியே வந்தது. நான் போட்ட கூச்சலில் பெரியப்பாவே ஓடி வந்தார். குஞ்சைப் பார்த்தார். உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, நம்ம பண்ணைக்கு எப்படா சேவல் வந்துச்சு?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை என்று நானே முந்திக்கொண்டேன்.

“சேவல் எதுக்குங்க பெரியப்பா? பல்பு போதுமுங்க!”

 பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “சொன்னா சொன்னதுதானுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். ஹாஸ்டல் பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. விஞ்ஞானம் வென்றது என்று நான் பல வருசம் நம்பினேன்.

போன மாதம் பரண் ஒழிக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. பத்தொன்பதாம் நாள் பக்கத்தில், என் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: ‘முட்டை சிறுத்துவிட்டது. சூட்டில் பழுப்பாகிவிட்டது. சூரியனும் கோணலாகிவிட்டது. அப்பாவுக்கு வயிற்று வலி.’

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், அப்போது ஒன்றும் புரியவில்லை. அம்மா அதற்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தாள். அதற்குக் கீழே, வேறு எந்தப் பக்கத்திலும் இல்லாதபடி, பெற்றோர் கையெழுத்து என்று எழுதி அப்பாவைக் கையெழுத்துப் போட வைத்திருந்தாள்.