எரு விழக்கூடாத துண்டு

ஐந்து ஆசிய நாடுகளின் அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்திய மண் ஆய்வு அது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் எருவே விழக்கூடாது. மற்ற நிலங்களை அதோடுதான் ஒப்பிடுவோம். புதூர்க் கரிசலில் இருந்த துண்டு என் பொறுப்பு.

அயல்நாட்டு விஞ்ஞானிகள் மண்ணெடுக்க வரும் காலையில் போய்ப் பார்த்தால், துண்டு முழுக்க ஆட்டுப் புழுக்கை.

"யாரைக் கேட்டு ராத்திரி இங்க ஆடுகளை அடைச்சு ஆட்டுக்கிடை போட்டீங்க?" என்று நிலத்துக்காரரிடம் கத்தினேன்.

"விருந்தாளுக வாராவளேன்னுதான் சார். மூணு வருசமா இந்தத் துண்ட மட்டும் பட்டினி போட்டிருக்கிய. ஊர் மானம் போயிராதா?"

"எதுவும் போடாதீங்கன்னு சொன்னேன்ல?"

ரோட்டில் கார்கள் வந்து நின்றன.

"சொன்னிய. ஏன்னு சொல்லலையே. அஞ்சு நாட்டுக்காரங்களுக்கு வாராவாரம் போன்ல விளக்குதிய. நான் இங்கனதான நிக்கேன்?"