அம்மா பார்க்கப்போன ரயில்

இன்று ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஏலக்காய் மூட்டைகளோடு வரும் போடி ரயிலின் வாசம் அடித்தது. என் கை தானாக அம்மாவின் முந்தானையைத் தேடியது.

மீட்டர்கேஜ் ஓடிய கடைசி வருடங்கள் அவை. அப்பாவோடு சண்டை வந்த மறுநாளெல்லாம் அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு என்னை ரயில் பார்க்கக் கூட்டிப்போவாள்; "ஆண்டிபட்டிக்கே போயிருவேன்" என்று பிறந்த ஊரைச் சொல்லி அவள் அழுததைக் கேட்டிருந்த நான், தேனி ரயில்வே கேட் அருகே தண்டவாளம் அதிரத் தொடங்கும்போதே அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வேன்.

"சும்மா சும்மா பாக்க வாறீகளே, ரயிலுக்குப் பொண்ணு குடுக்கப் போறீகளா?" என்பார் கேட் கீப்பர்.

"இது வர்ற வேகத்துக்கு முகூர்த்தம் தப்பிருமேண்ணே" என்பாள் அம்மா, சிரிக்காமல்.

ஒருநாள் தண்டவாளத்தில் மாடுகள் படுத்துக்கொள்ள, ஆண்டிபட்டி வழியாக மதுரைக்குப் போகிற ரயில் எங்கள் முன்னாலேயே நின்றுவிட்டது. "ஏறுத்தா, எடமிருக்கு" என்று உள்ளே ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா வாசல் கம்பியைப் பிடித்தாள். மாடுகள் எழுந்து, ஊதல் கேட்டு, பெட்டி நகர்ந்தபோதும் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். பிறகு விட்டுவிட்டாள்.

"பசிக்குதா ஆத்தா?" என்று என்னிடம் கேட்டு, புளிச்சோற்றைப் பிரிக்கப் போனாள்.

பசித்தது. அடுத்த ரயில் வருமுன் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டுமே என்று, இல்லை என்றேன்.