பெயர் சொல்லாத சாட்சி

கோர்ட்டுச் சேவகன் சம்மனை நீட்டியபோது அம்மையப்பன் தம்முடைய ஆராய்ச்சியின் நான்காம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது விரல் மைக்கறை தாளில் பட்டுவிட்டது. சேவகன் முகம் சுளித்துக்கொண்டு போனான்.

அது 1915ஆம் வருஷம் வைகாசி மாதம். அம்மையப்பனுக்கு வயது இருபத்தேழு. திருநெல்வேலி டவுனில் பிறந்த சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன். பி.ஏ. தேறியதும் கூடப் படித்தவர்களெல்லாம் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்துக்கும் வக்கீல் படிப்புக்கும் போய்விட, இவர் மட்டும் சென்னையில் ஒரு கலாசாலை கொடுத்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தாமிரபரணிக் கால்வாய்களில் எந்த ஊருக்கு எந்த நாளில் தண்ணீர், அந்த முறையை யார் வகுத்தது, எப்போது மாறியது என்று எழுதித் தரவேண்டும். கலாசாலை ஏற்றுக்கொண்டால் பட்டமும் அங்கேயே உபாத்தியாயர் வேலையும் கிடைக்கும்.

"வயக்காட்டுல தண்ணி பாயுறதுக்குமா பட்டம் கொடுக்கான்?" என்று மாமனார் வீட்டில் சிரித்தார்கள். மனைவி சொர்ணாம்பாள் சிரிக்கவில்லை. ஆனால் அவளும் ஒருநாள் கேட்டாள்: "இது எப்போ முடியும்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா?"

முடியும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். இரண்டு வருஷமாக வரப்பு வரப்பாக நடந்ததில், வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு செய்தி அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் செய்திதான் இப்போது சம்மனாக வந்து நின்றது.

சீவலப்பேரிக்கு மேற்கே ஒரே கால்வாயில் இரண்டு ஊர்கள் இருந்தன. தலைமடையில் மேலமருதூர், கடைமடையில் கீழமருதூர். கார் சாகுபடியில் மேலமருதூர் வயலெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் கீழமருதூருக்கு மதகு திறக்கும். மழை பிந்திய வருஷங்களில் கீழமருதூர்ப் பயிர் பால்பிடிக்கும் முன்பே கருகிவிடும். ஆதிகாலம் முதல் இதுதான் வழக்கம் என்றார் மேலமருதூர்ப் பெரிய பண்ணை சிவசண்முகம் பிள்ளை. இல்லை, எங்களுக்கும் சம பங்கு உண்டு என்று கீழமருதூர்க்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அம்மையப்பனுக்கு ஆதாரம் தெரியும். மேலமருதூர் மதகைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி மாடக்கண்ணு ஒருநாள் மதகுத் திண்டில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சம் வரைக்கும் இரண்டு ஊருக்கும் நாள் மாற்றி நாள் தண்ணீர். பஞ்சத்தில் இருக்கிற தண்ணீரை வைத்து ஒரு ஊராவது விளையட்டும், அந்த நெல்லை இரண்டு ஊரும் பங்கிட்டுத் தின்னலாம் என்று பேசி, முறையை நிறுத்திவைத்தார்கள். பஞ்சம் போயிற்று. பழைய முறை திரும்பவே இல்லை. அப்போது மதகில் இருந்தவர் மாடக்கண்ணுவின் தகப்பனார். பக்கத்தில் நின்ற சிறுவன் மாடக்கண்ணு.

"என் பேர எங்கயும் சொல்லிராதிய அய்யா. பண்ணைச் சோறு தின்னுதவன் நான்" என்று அவர் கேட்டுக்கொண்டார். அம்மையப்பன் ஆற்றைப் பார்த்துக் கைநீட்டிச் சத்தியம் செய்தார்.

பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் சித்திரையில் டவுன் வாசகசாலையில் பேசக் கூப்பிட்டபோது, கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில், தண்ணீர் முறை பஞ்சத்தில் மாறிய கதையைச் சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், "இதை நேரில் கண்டவர் வாயிலிருந்தே கேட்டேன்" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டியவர்களில் ஒருவர் ஞானசிகாமணி. கீழமருதூர்க்காரர்களின் வக்கீல்.

கோர்ட்டு பாளையங்கோட்டையில். விசாரணை நாளன்று அம்மையப்பன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்டியில் போய் இறங்கியபோது, தாழ்வாரத்தில் மாடக்கண்ணு எதிரே வந்தார். சலவை வேட்டி கட்டியிருந்தார். பண்ணையின் கணக்குப்பிள்ளை ஒட்டிக்கொண்டே நடந்தார். மாடக்கண்ணு அம்மையப்பனைப் பார்க்காமல் சுவரோரமாகக் கடந்து போனார்.

"நம்ம எதிர்க்கட்சி சாட்சி தம்பி" என்றார் ஞானசிகாமணி. "பண்ணையில கேட்டுக்கிட்டாங்கன்னு இவர முன்னாலயே விசாரிச்சிட்டாங்க. எனக்கு அறிவு தெரிஞ்ச நாளா இதே முறைதான், வேற முறை கேள்விப்பட்டதே இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறாரு. இனி உம்ம வாக்குமூலம்தான் எங்களுக்குக் கதி."

அம்மையப்பன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி, வாசகசாலையில் பேசியதையே சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல் முத்துசுப்பிரமணிய ஐயர் அவசரப்படாமல் எழுந்தார்.

"தாது வருஷத்தில் நீர் பிறந்திருந்தீரா?"

"இல்லை."

"அப்படியானால் யாரோ சொல்லக் கேட்டது. யார் சொன்னார்?"

அம்மையப்பன் ஞானசிகாமணியைப் பார்த்தார்.

"கண்ணால் கண்டவர் என்று பிரசங்கத்தில் சொன்னீரே, அவர் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்தது. பின் வரிசையில் சிவசண்முகம் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெயர்?"

"வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்ல முடியாது."

ஐயர் நீதிபதியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "ஆளே இல்லாத சாட்சி போலிருக்கிறது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். நிதானமான மனிதர். "மிஸ்டர் அம்மையப்பன், பெயர் சொன்னால் அவரை அழைத்து விசாரிப்பேன். சொல்லாவிட்டால் உம்முடைய வார்த்தையை நான் தள்ளிவிட வேண்டியது. அதோடு, கோர்ட்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த குற்றமும் சேரும். நாளைக் காலை வரை யோசித்து வாரும்."

வெளியே ஒரு வேப்பமரத்தடியில் கீழமருதூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் அன்னத்தாயை அவருக்கு நன்றாகத் தெரியும். புருஷன் இல்லாமல் தனியாக உழுது பயிரிடுகிறவள். இரண்டு வருஷமும் வெயிலில் அலைந்த இவருக்கு மோர் கொடுத்தவள் அவள்தான்.

"பேர மட்டும் சொல்லிரும் தம்பி. கூண்டுல ஏத்தி நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஞானசிகாமணி.

"முன்னால வேற மாதிரி சத்தியம் பண்ணினவரா இருந்தா?" என்று அம்மையப்பன் கேட்டார்.

வக்கீல் அவரை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு. அத நான் மறைக்கல. ஆனா இந்தப் பக்கம் ஒரு ஊரு இருக்கு தம்பி."

அன்னத்தாய் கும்பிட்டபடி நின்றாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சென்னையிலிருந்து பேராசிரியர் கடிதம் வந்திருந்தது. அனுப்பியிருந்த மூன்று அத்தியாயங்களும் நன்று. நான்காவதின் சுருக்கத்தில் சொல்லியிருக்கும் செய்திக்கு ஆதாரம் யார்? பெயரும் ஊரும் அடிக்குறிப்பில் வரவேண்டும். பெயரில்லாத சொல்லைப் பரீட்சை செய்கிறவர்கள் வதந்தி என்றே கொள்வார்கள்.

அவர் அதைச் சொர்ணாம்பாளுக்குப் படித்துக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான கேக்காவ" என்றாள் அவள்.

"ஆமா."

"சொன்னா வழக்கு செயிக்கும். பட்டமும் வரும்."

"அந்த மனுசன் ஜெயிலுக்குப் போவாரு. அவர் மகன் பண்ணையில நிக்க முடியாது."

அவள் விளக்கின் திரியைத் தூண்டினாள். "நான் ஒண்ணு கேக்கேன், கோவிக்காதிய. அன்னைக்கு வாசகசாலையில அதச் சொல்லாட்டா என்ன?"

அம்மையப்பன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்தார்.

விடிந்ததும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனார். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறைகள் வெளியே தெரிந்தன. படித்துறையின் கடைசிப் படியில் மாடக்கண்ணு நின்றிருந்தார். இங்கே வருவார் என்று யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார்.

"அய்யா."

"நீரு இங்கன வந்தது யாருக்காவது தெரியுமா வே?"

"தெரியாது. மொதலாளி நேத்து ராத்திரி எல்லாரையும் நிக்கவெச்சுக் கேட்டாரு, எவன் சொன்னதுன்னு. எம் மூஞ்சியத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு."

"நீரு ஏன் அப்படிச் சத்தியம் பண்ணினீரு?"

"பின்ன என்ன செய்ய? நாளைக்கும் அந்த மதகுலதான நிக்கணும்? ஒங்கள்ட்ட சொன்னதும் நெசம். கோர்ட்டுல சொன்னது பொய்யி. ரெண்டும் நான் சொன்னதுதான்."

"இப்போ நான் என்ன செய்யணும்னு சொல்லுதீரு?"

மாடக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் எதுவும் சொல்லல. கேக்குறதுக்கு எனக்கு வாயில்ல. ஆத்தப் பாத்து நீங்க சொன்ன சொல்லு எனக்கு ஞாபகம் இருக்கு. அது ஒங்களுக்கும் இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அதற்குமேல் நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

கோர்ட்டில் அன்று கூட்டம் அதிகம். அம்மையப்பன் கூண்டில் ஏறினார். மாடக்கண்ணு பின்னால் பண்ணை ஆட்களுக்கு நடுவே நின்றிருந்தார். அவரைப் பார்த்துவிடக் கூடாது என்று அம்மையப்பன் நீதிபதியின் தலைக்கு மேலிருந்த சக்கரவர்த்தி படத்தையே பார்த்தார்.

"யோசித்தீரா?"

"யோசித்தேன். நான் சொன்னது உண்மை. சொன்னவர் பெயரைச் சொல்லமாட்டேன்."

"உம்முடைய பிடிவாதத்தால் இவர்கள் நஷ்டப்படலாம் என்று தெரியுமா?"

"தெரியும்."

நீதிபதி எழுதினார். வாக்குமூலம் தள்ளப்பட்டது. பதில் சொல்லும்வரை அல்லது ஒரு வாரம் வரை காவல்.

காவலில் யாரும் அவரைத் துன்புறுத்தவில்லை. சொர்ணாம்பாள் தினமும் வண்டி கட்டிச் சோறு கொண்டுவந்தாள். ஊரார் பேசுவதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மறுபடி கேட்க வந்துவிட்டார்களோ என்று எழுந்து உட்கார்ந்தார். சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு இருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. பெயரை உளறிவிடக் கூடாதே என்று துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு படுத்தார்.

வெளியே வந்த அன்று அன்னத்தாய் பாதையோரம் காத்திருந்தாள். இந்தத் தடவை கும்பிடவில்லை.

"தீர்ப்பு ஆயிட்டு அய்யா. தோத்துட்டோம்."

"கேள்விப்பட்டேன்."

"ஒரு ஆளு பொழைக்கணும்னு ஒரு ஊரயே காயப் போட்டுட்டியளே. எங்க வீட்டு மோரு குடிக்கும்போது இத நெனச்சிருக்கலாம்லா?"

அவர் தலைகுனிந்து நின்றார். அவள் சொன்னது தப்பு என்று அன்றைக்கும் அவருக்குத் தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை. அந்தக் கார் சாகுபடியில் கீழமருதூர் பாதிக்குமேல் தரிசாகக் கிடந்தது.

நான்காம் அத்தியாயத்தை, 'பெயர் சொல்ல இயலாத ஒருவர் கூற்று' என்ற குறிப்போடு சென்னைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று பேராசிரியர் அன்போடுதான் எழுதியிருந்தார். அம்மையப்பன் பல தடவை முயன்று பார்த்தார். அதை எடுத்துவிட்டால் மேலமருதூர் முறை ஆதிகாலத்து வழக்கம் என்று அவருடைய ஆராய்ச்சியே சொல்வதுபோல் ஆயிற்று. தவணை கடந்தது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர உபாத்தியாயராகச் சேர்ந்தார்.

1919 மாசியில் மாடக்கண்ணு இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அன்று அம்மையப்பனால் பாடம் நடத்த முடியவில்லை. துக்கம் ஒரு பக்கம். இனிப் பெயர் சொல்லலாமே என்ற எண்ணம் ஒரு பக்கம். இரண்டாவது எண்ணம் வந்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் அது போகவில்லை. சென்னைக்கு எழுதலாம்; கீழமருதூர்க்காரர்கள் மறுவிசாரணை கேட்க அதைப் பிடித்துக்கொள்ளலாம். பதினாறாம் நாள் கழிந்ததும் மேலமருதூருக்குப் போனார்.

மகன் இசக்கியப்பன் மதகில் நின்றிருந்தான். வேலை அவனுக்கு வந்திருந்தது. அம்மையப்பன் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இசக்கியப்பனுக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

"எங்கய்யா எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

"இப்போ அவர் பேரை எழுதலாமா? நீ சரின்னு சொன்னா எழுதுதேன். இல்லன்னா இல்ல."

"எழுதினா, கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணினவருன்னும் சேத்துத்தான எழுதணும்?"

"ஆமா."

இசக்கியப்பன் மதகில் சிக்கியிருந்த செத்தையை எடுத்து எறிந்தான். "செத்தவரு வந்து மறுத்துப் பேச முடியாதுல்லா அய்யா. பண்ணையில எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், அது வேற. அவரு பேரு வேண்டாம்."

"சரி" என்றார் அம்மையப்பன்.

திரும்பும்போது, சுற்றுவழி என்று தெரிந்தும் கீழமருதூர் வழியாக நடந்தார். வீட்டு வாசலில் நின்ற அன்னத்தாய் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு நாழிகை நடந்த பிறகுதான், அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்லத் தாம் அந்த வழியாக வந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். சொல்ல எதுவும் இருக்கவில்லை.