பதினைந்து வீட்டுக்கு ஒரு நாற்காலி

அறுபதுகளின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில், எங்கள் பக்கத்தில் நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணுகிற வேலை எனக்குக் கிடைத்தது. ஆடு மாடு எண்ணுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சௌகரியம், ஆட்டைப் பார்த்தால் ஆடு என்று தெரிந்துவிடும். நடுத்தரத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் ஆறு பேரை உட்காரவைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒல்லியாக, காதில் சிவப்புப் பென்சில் செருகிய மனிதர். "நீங்க நடுத்தரமான்னு யாரையும் வாயத் திறந்து கேட்டுடாதீங்க. கேட்டா ஒருத்தர் பாக்கியில்லாம ஆமாம்பாங்க" என்றார். நான் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை. முதல் நாளே கேட்டுப் பார்த்தேன். ராசிபுரம் கடைத்தெருவில் மாடி வீடும் ஜவுளிக்கடையும் வைத்திருந்த ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏதோ நடுத்தரமா இருக்கறமுங்க" என்றார். நான் எண்ணப்போன தெருவில் கூலிக்குத் தறி நெய்கிறவர், ஓடு சரிந்த வீட்டிலிருந்து தலையை நீட்டி, "ஏதோ நடுத்தரமா இருக்கறமுங்க" என்றார். ஒரு எழுத்து மாறவில்லை. இருக்கிறவனுக்குக் கண் பட்டுவிடும் என்று பயம், இல்லாதவனுக்குக் கௌரவம் போய்விடும் என்று பயம். இரண்டு பேரும் வந்து ஒதுங்குகிற இடம் அதுதான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனால் தோன்றுவதை எழுத ஃபாரத்தில் இடம் கிடையாது.

ஃபாரத்தில் இருந்தது ஆறு சாமான். நாற்காலி, சுவர்க்கடிகாரம், சைக்கிள், ரேடியோ, பீரோ, தையல் மிஷின். சொந்தமாக மூன்று இருந்தால் அந்த வீடு நடுத்தரம். இரண்டு என்றால் இல்லை. அவ்வளவுதான். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ தெரியாது.

எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று நானாக இருக்கவேண்டும் என்று நான் துடித்ததற்குக் காரணம் என் அப்பாவின் கண். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். முப்பது வருடம் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்வை மங்கிவிட்டது. 'ன'வும் 'ண'வும் இடம் மாறத் தொடங்கியதும் முதலாளி வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். கீழே இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தெருவில் நாலு பேருக்கு ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். ஆக, நான் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரியவேண்டும்.

எனக்கு விழுந்தது ராசிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்று, வரிசையாகப் பதினைந்து வீடு. காலையில் சேலத்தில் பஸ் ஏறினால் வெயில் சுடுவதற்குள் போய்விடலாம். தெருமுனையில் திரும்பும்போதே தறிச் சத்தம் கேட்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தறி ஒவ்வொன்றாக நிற்கும்.

அந்தத் தெருப் பெண்கள் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி துடைத்துப் போட்டிருக்கும். "உக்காருங்க அம்மிணி" என்பார்கள். சுவரில் கடிகாரம். வாசலில் சைக்கிள். எழுதி முடித்து எழுந்தால் விடமாட்டார்கள். "மோராவது ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க, வெயிலு என்ன காட்டுக் காட்டுது" என்பார்கள். குடித்து முடித்தால், "கண்ணாலம் எப்பங்க அம்மிணி?" என்று தொடங்குவார்கள். "உங்க தெருவ எண்ணி முடிச்சப்புறம்" என்பேன். சிரிப்பார்கள். அதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். என்ன பிரியமான சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி சொந்தமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். ஆமாங்க என்றார்கள். கடிகாரம்? ஆமாங்க. நாற்காலி ஒன்று, கடிகாரம் ஒன்று, சைக்கிள் ஒன்று. மூன்று. நடுத்தரம். கடிகாரம் மட்டும் எல்லா வீட்டிலும் நாலு பத்தில் நின்றிருந்தது. சாவி கொடுக்கச் சோம்பேறித்தனம் என்று நான் மனதுக்குள் திட்டிக்கொண்டேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. இதை இன்றைக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் மூன்றாவது வீட்டில், எழுந்திருக்கும்போது நாற்காலியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி என் சேலையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டது. வெளியே கட்டிக்கொண்டு போக என்னிடம் இருந்ததே இரண்டு சேலை, அதில் நீலச் சேலை இது. எரிச்சல் வந்தது. யாரைக் கோபிப்பது?

மூன்றாம் நாள் பதினோராவது வீடு. அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். உட்காரப்போனவள் ஆணி ஞாபகம் வந்து கையால் தடவிப் பார்த்தேன். ஆணி இருந்தது. ஆணியில் என் நீலச் சேலையின் நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

நாற்காலியைப் பார்த்தேன், நாலு பத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன்.

"அக்கா, மூணாவது வீட்டு நாற்காலி இங்க எப்படி வந்துச்சு?"

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "பொறத்தால செவுத்து மேல தூக்கிக் குடுத்துக்குவமுங்க" என்றார். "நீங்க மோரு குடிக்கறதுக்குள்ள அது அடுத்த ஊட்டுக்குப் போயிரும். கெடியாரமும் அப்படித்தானுங்க. அத மாட்ட ஆணி மட்டும் எல்லார்த்து ஊட்டுச் செவுத்துலயும் அடிச்சு வெச்சிருக்கறம். சைக்கிளு அவங்கவங்களுதுதானுங்க."

"அப்ப இது யாருது?"

"பதினஞ்சு ஊட்டுக்காரரும் காசு போட்டு வாங்குனதுங்க. ஊரு மாத்திப் போன ஒரு ஆபீசரு ஏலம் உட்டாரு. பொண்ணு பாக்க ஒறம்பரை வந்தா, மாப்பிள்ளையோட அப்பனத் தரையில உக்கார வெக்க முடியுங்களா? எந்த ஊட்டுக்கு வாராங்களோ அந்த ஊட்டுக்கு நாற்காலி போயிரும். வாரவங்களும் அவங்க தெருவுல அப்படித்தான் வெச்சிருப்பாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. நீங்கதான் அம்மிணி கேட்டுப்போட்டீங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு வந்த வேகத்திலேயே சிரிப்பாக மாறிவிட்டது. ஆள்விட்டு ஆள் மோர் ஊற்றிக்கொடுத்து என்னை மூன்று நாள் நாற்காலிக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்தார். "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம எம் பொண்ணப் பாக்க வாராங்க. அன்னைக்கு எங்க ஊட்டு மொறைங்க" என்றார். பேருந்தில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். பதினைந்தில் ஒரு பங்கு நாற்காலி, பதினைந்தில் ஒரு பங்கு கடிகாரம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தெரு முழுவதும் சேர்ந்தால் ஒரு நடுத்தரக் குடும்பம் வரும், பிரித்தால் ஒன்றுகூட வராது.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பத்து ஃபாரம் ஏற்கெனவே அவர் கைக்குப் போய்விட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதினாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்? நிரந்தர வேலை நினைவு வந்தது, பயந்துவிட்டேன். மிச்சமிருந்த ஐந்து வீட்டுக்கும் அதே மூன்றை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். என் ஃபாரங்கள் மேஜைமேல் விரிந்து கிடந்தன. "குமாஸ்தாக்கள் குடியிருக்கிற தெருவுல நாற்காலி இல்லாத வீடு இருக்கு. நெசவுக்காரத் தெருவுல எல்லா வீட்டுலயும் நாற்காலி, கடிகாரம். எந்த மரத்தடியில உக்காந்து எழுதினம்மா?" என்றார். வீட்டுக்குப் போகாமலே ஃபாரம் நிரப்புகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். "நாளைக்கு நானே வந்து பாக்கறேன். பொய்னு தெரிஞ்சா அங்கயிருந்தே நீ வீட்டுக்குப் போயிடலாம்."

மறுநாள் பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். நாற்காலி எப்படியும் எங்களுக்கு முன்னே ஓடிவிடும், நாலு வீடு பார்த்தால் போதும் என்று கிளம்பிவிடுவார் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். முதல் வீட்டில் நாற்காலி இருந்தது. இரண்டாவது வீட்டில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் வெளியில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். மோரை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இரண்டாவது வீட்டிலிருந்து இறங்கியவர் மூன்றாவதுக்குப் போகவில்லை. விறுவிறுவென்று நடந்து நேராகப் பதினோராவது வீட்டுக்குள் நுழைந்தார்.

வெறும் தரை. சுவரில் வெறும் ஆணி. அக்கா பாவு நூலைக் கையில் பிடித்தபடி நின்றார். கொல்லைப்புறத்தில் சுவருக்குச் சுவர் யாரோ ஓடுகிற காலடி கேட்டது. எப்படி ஓடினாலும் ஒன்பது சுவர் தாண்டி வரவேண்டும்.

"நாற்காலி எங்கம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா என்னைப் பார்த்தார். "பிரம்பு பின்னக் குடுத்திருக்குதுங்க" என்றார் மெல்ல. எனக்காகத்தான் சொன்னார். அவர் மகள் கதவுக்குப் பின்னால் நின்றது தெரிந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போவார், அங்கேயும் இருக்காது, என் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் நான் ஏமாந்தவள், பொய் எழுதியவள் இல்லை. அவ்வளவையும் ஒரு மூச்சில் கணக்குப் போட்டுவிட்டேன்.

"சார், தெருவுக்கே ஒரே நாற்காலிதான் சார். எனக்கு முன்னால தூக்கிட்டுப் போய்ப் போட்டு என்னை ஏமாத்திட்டாங்க" என்றேன். என் சேலைக் கிழிசலைக்கூடக் காட்டினேன். எண்ண வந்தபோதே இதே வீட்டில் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சிரித்தார் பாருங்கள், தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. "பதினஞ்சு வீட்டுக்கு ஒரு நாற்காலியா?" வழியில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ஃபாரங்களை என்னிடமே நீட்டி, "அடிம்மா" என்றார். அங்கேயே நின்றுகொண்டு பதினைந்து ஃபாரத்திலும் நாற்காலியையும் கடிகாரத்தையும் அடித்தேன். பதினைந்து வீடும் நடுத்தரத்திலிருந்து இறங்கின.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உள்ளதத்தானுங்க சொல்லுது அந்தப் புள்ள" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பாயை விரித்து அவரை உட்காரச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் முகம் எப்படி வாங்கிக்கொண்டது என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்களா, என்ன ஆயிற்று என்று கேட்கவும் அந்தத் தெருவுக்கு நான் மறுபடி போகவில்லை.

நிரந்தரமான இரண்டு பேரில் நான் ஒருத்தி. துப்பறிந்து கண்டுபிடித்த பெண் என்று ஆபீசில் பெயர்கூடக் கிடைத்தது.

ஆறு மாதம் கழித்துச் சேலத்தில் எண்ணத் தொடங்கினோம். சீட்டுக் குலுக்கியதில் எங்கள் தெரு விழுந்தது. சொந்தத் தெருவை யாரும் எண்ணக்கூடாது என்பது விதி, அதனால் சூப்பர்வைசரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய நேரம். அவர் வருகிறார் என்று அம்மாவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. தேக்கு நாற்காலி, கை வைத்தது. அடுத்த வீட்டு ரயில்வேக்காரர் வீட்டுடையது. வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வரும் ஒவ்வொரு வருடமும் அது எங்கள் வீட்டுக்கு வரும், மாலையில் போய்விடும். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். ராசிபுரத்தில் ஆணியில் நூலைப் பார்த்தபோதும், பதினைந்து ஃபாரத்தை அடித்தபோதும் இந்த நாற்காலி எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

அவர் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்பாவின் சைக்கிளைப் பார்த்தார், எழுதினார். அம்மாவின் தையல் மிஷினைப் பார்த்தார், எழுதினார். இரண்டு. பிறகு நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டு, "இது உங்களுதுதானேம்மா?" என்றார். ராசிபுரத்தை நினைத்துத்தான் கேட்டார், என்னைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

"எங்களுதுதாங்க" என்றாள் அம்மா. குரல் பிசிறவில்லை.

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராசிபுரத்துத் தெருவில் அவ்வளவு பேர் காதில் விழும்படி சொல்ல வந்த வாய்தானே? திறக்கவில்லை. அவர் மூன்று என்று எழுதிக்கொண்டு போனார்.

"சரியாத்தானே சொன்னேன்?" என்றாள் அம்மா.

"சரியாத்தாம்மா சொன்னே."

தம்பிகளைக் கூப்பிடாமல் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். தேக்கு, நல்ல கனம். அதுவரை எத்தனையோ வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றைத் தூக்கியது அன்றைக்குத்தான்.