டின் தட்டிப் பிடித்த வெளிச்சம்

பழைய இரும்புக்காரர் தெருவில் டின்னைத் தட்டிக்கொண்டு போனால் எனக்கு இன்னும் கை வலிக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. போன வாரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் துபாயிலிருந்து முருகேசன் கூப்பிட்டான். "புது டெலஸ்கோப்பு வாங்கிட்டன்டா. லீவுக்கு வரேன். நம்ம எடம் இருட்டாதான இருக்குது?"

நம்ம இடம் என்றால் கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு மரவள்ளிக் காடு. அப்போது அவனும் நானும் மலைக்குக் கீழே சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியன்கள், லீவு ராத்திரிகளில் டெலஸ்கோப்போடு அங்கே போவோம். எங்கள் சட்டையில் வீசும் பாகு வாசனைக்கு மலை எறும்பெல்லாம் ஓடிவரும்.

பல வருஷத்துக்கு முன் ஒரு மாசியில் அவனுக்குத் துபாய் விசா வந்துவிட்டது. பழைய டெலஸ்கோப்பையும் விற்றாகிவிட்டது. காலையில் ஆள் வந்து எடுத்துப் போய்விடுவார். மிச்சம் அந்த மாசி அமாவாசை ராத்திரி மட்டும்தான். அதற்குள் கோமா கொத்தைப் படம் பிடித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். நம் பால்வெளி போன்ற நட்சத்திரக் கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் இடம் அது. அந்த வெளிச்சம் இங்கே வந்து சேரவே முப்பது கோடி வருஷத்துக்கு மேலாகுமாம். அவ்வளவு மங்கலானதைப் பிடிக்கக் கேமரா நிமிடக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். கும்மிருட்டும் வேண்டும்.

முதல் படமே பாழ். காட்டுக்கார அஞ்சலையக்கா காவல் பரண்மேலிருந்து டார்ச்சை நாலாபக்கமும் அடித்தார்.

"அக்கா, லைட்டு அடிக்காதீங்க!" என்று முருகேசன் கத்தினான்.

"அடிக்கலன்னா பன்னி பூந்து கெழங்கத் தோண்டிட்டுப் பூடும். உன் நச்சத்திரமா எனக்குக் கஞ்சி ஊத்தும்?"

நியாயமான கேள்வி. ஆனால் காட்டுப்பன்றி சத்தத்துக்கும் மிரளும். கேமராவுக்கோ சத்தம் ஒரு பொருட்டில்லை. பேரம் படிந்தது. அக்கா டார்ச்சை அணைத்தார். நான் விடிய விடிய எண்ணெய் டின்னைத் தட்டினேன். வானியலுக்கு அடியேன் செய்த தொண்டு அவ்வளவுதான்.

விடிகிற நேரம் கேமராத் திரையில் காட்டினான். சிந்திய நொய் மாதிரி மங்கலாகப் புள்ளிகள். அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா, இதுக்கா இந்தத் தட்டு தட்டுன?" முருகேசன் அழுதுகொண்டிருந்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நேற்று சாயங்காலம் மலையேறிப் போய் இருட்டும்வரை காத்திருந்தேன். பரண் இல்லை. காட்டின் மூலைக்கு மூலை சோலார் விளக்கு. அக்காவுக்குத் தலை நரைத்திருக்கிறது, வாய் மட்டும் அதே வாய். "இப்பல்லாம் பன்னி வர்றதில்லப்பா. வூட்டுல நிம்மதியா தூங்கறேன்." கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி முருகேசன் வரும் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கின்னா, ஒரு ராத்திரி அணைச்சிட்டா போச்சு. டின்னு மட்டும் நீதான் தட்டணும்."

சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். சாலை நெடுக வெள்ளை விளக்குகள். கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் அடிவானமே வெளுத்துக் கிடந்தது. அதையெல்லாம் எந்த அக்காவிடம் போய் அணைக்கச் சொல்வது?

முருகேசன் டிக்கெட் போட்டுவிட்டானாம். இருட்டு போய்விட்டது என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.